வாசலில் கிடக்கும் ஆண் செருப்பு

தனியாக வீடு எடுக்கும் பெண்ணுக்கு எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு போட்டு வை. புதுச் செருப்பு வேண்டாம். தேய்ந்து, பெரிதாக, கொஞ்சம் மண் அப்பியதாக இருந்தால் நல்லது. நாமக்கல்லில் நான் வாடகைக்கு வந்தபோது வீட்டுக்கார அம்மாவும் சொன்னார்: "ஊட்டுல ஆம்பள இல்லீன்னா என்ன கண்ணு, ஒரு சோடி செருப்பாச்சும் வாங்கி உடு." அன்பாகத்தான் சொன்னார். சேலத்திலும் சென்னையிலும் தனியாக இருக்கும் தோழிகளுக்கும் இதே யோசனை கிடைத்திருக்கிறது. ஒருத்தி கொடியில் அண்ணனின் பழைய சட்டையையும் காயப் போடுகிறாள்.

செய்யலாமா, கூடாதா? இதில் எளிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். இது பொய் என்பது உண்மை. கொலைகாரன் வாசலில் நின்று, நீ ஒளித்து வைத்திருக்கும் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் இம்மானுவேல் காண்ட் எழுதினார். வீட்டில் பணியாள் வைத்திருந்த ஆண் அவர். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு தட்டப்படுவதை அவர் எப்படிக் கேட்டிருப்பாரோ. வள்ளுவரோ வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார். இந்த வழக்கில் நான் வள்ளுவர் பக்கம். திருட வருகிறவனுக்கு என் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லும் கடன் எனக்கில்லை.

ஆனால் அந்தச் செருப்பைப் பார்ப்பவன் திருடன் மட்டும் இல்லையே. பால்காரர் பார்க்கிறார், சிலிண்டர் போடும் பையன் பார்க்கிறான், எதிர்வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறாள். இங்கே ஒரு ஆண் இருக்கிறான், ஆகவே விலகிப் போ என்று அது தினமும் சொல்கிறது. அப்படியானால் ஆண் செருப்பு கிடக்காத வாசல் என்ன சொல்வதாக ஆகும்? என் தெருவில் கணவரை இழந்த ஒருவர் இருக்கிறார். அவர் வாசலில் ஒரு ரப்பர் செருப்பு மட்டும் கிடக்கும். நான் ஆண் செருப்பு வாங்கிப் போட்டால், என் வீட்டைவிட்டு விலகும் கண் அடுத்ததாக அந்த வாசலில்தான் போய் நிற்கும். என் பாதுகாப்பை அவர் கணக்கில் எழுதுவதாகத்தான் எனக்குப் படுகிறது. பொய் என்பதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது.

ஆள் இல்லாத செருப்புக்கு அதிகாரம் உண்டு என்பது நமக்குப் பழைய பாடம். ராமன் காட்டில் இருந்த பதினான்கு ஆண்டுகளும் அவன் பாதுகைதான் அரியணையில் இருந்தது. பரதனின் பணிவை எல்லோரும் மெச்சுவார்கள். அந்த அரண்மனையில் அரசிகள் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட அரியணைகள் நிறைய. நாமக்கல் லாரி ஓட்டுநர் வண்டி ஏறினால் திரும்பி வர வாரக்கணக்காகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு போர்வெல் போடப் போகிறவர்கள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வீடு, ஆடு, சீட்டுப் பணம், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் பெண்கள்தான் பார்க்கிறார்கள். ஆனால் வாசலில் அவருடைய செருப்பு இருக்கும். லாரிக்காரர் மனைவி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அத எடுத்து உள்ள வெச்சா ஊரே கேக்குமுங்க டீச்சர், என்னாச்சுன்னு." தினமும் காலையில் அதைத் தூக்கி, அடியில் கூட்டி, அதே இடத்தில் வைக்கிறார்.

அது காப்பாற்றுமா என்பதும் சந்தேகம்தான். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். அங்கே செருப்பு மட்டுமல்ல, ஆண்களே இருவர் இருந்தார்கள்.

எந்த ஆணின் செருப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சமவெளியில் தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்கள் அருந்ததியர். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தோல் சாலைத் தைத்தவர்களும் அவர்களே. ஆதிக்கச் சாதித் தெருவில் நடக்கும்போது, தாங்கள் தைத்த செருப்பையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. செருப்பு மாலை போடுவதைக் குற்றம் என்று அதில் பெயர் சொல்லி எழுத 2015 திருத்தம் வர வேண்டியிருந்தது. காலனியில் ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் ஆண் செருப்பு, ஊருக்குள்ளிருந்து வருகிற எவனைத் தடுத்து நிறுத்தும்? ஆகவே அந்த யோசனை ஆண் செருப்பைப் பற்றியதுகூட இல்லை. ஊர் பயப்படுகிற ஆணின் செருப்பைப் பற்றியது.

நான் ஆண் செருப்பு வாங்கவில்லை. போட்டிருக்கிற பெண்களை நான் குறை சொல்லவில்லை. இரவில் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் கிடக்க வேண்டியது என்னுடைய செருப்பு, அதுவும் நான் அவசரத்துக்கு நடக்கக்கூடிய செருப்பு என்று முடிவு செய்தேன்.

அதைத் தேடும்போதுதான் அடுத்த சிக்கல். கடையில் பெண்கள் பக்கம் முழுக்கக் கல் பதித்த பட்டை, மெல்லிய அடி, கூர்ந்த முன்பகுதி. கல்யாணத்துக்குப் போய்க் காரில் திரும்புகிற கால்களுக்கானவை. பஞ்சு மாதிரி அடியும் அகலமான முன்பகுதியும் ஆண்கள் பக்கத்தில் இருந்தன. குனிந்து குனிந்து எடுத்துக் காட்டிய பெண்ணுக்குக் காலையிலிருந்து நின்ற கால். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டமே தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. "மெட்டி போட்டா ஷூ அழுத்துங்க்கா" என்று அவரே சொன்னார். மூடிய ஷூவைச் செய்தவர்கள் மெட்டி போட்ட விரலை நினைத்துப் பார்க்கவில்லை. மெட்டியைப் போட்டுவிட்டவர்கள் அந்தக் கால் ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வீட்டுக்குள் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஊரெல்லாம் பெண்கள் எங்கே நடக்கிறார்கள் என்று சத்தம் போட்டுச் சொல்லும் பொருளை அவர்கள் செய்கிறார்கள்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் எங்கள் நிறுத்தத்தில் ஏறும் கால்களைக் கவனிக்கிறேன். கோழிப் பண்ணைக்கு, ஜவ்வரிசி ஆலைக்கு, தறிக்கு, ஆஸ்பத்திரிக்கு, சும்மா அக்கா வீட்டுக்கு. காசு வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டாம் என்றானதும், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்கும் பதில் சுருங்கிவிட்டது. வெளியே போகச் செருப்புப் போதும் என்கிற நிலை பல பேருக்கு அப்போதுதான் வந்தது.

கடைசியில் ஆண்கள் பக்கத்திலிருந்தே ஒன்று எடுத்தேன். கறுப்பு, குனியாமல் காலை நுழைக்கலாம், பின்பட்டை உண்டு. மாலையில் வீங்குகிற காலுக்கும் சேர்த்து அரை அளவு பெரிது. மழையில் நனைந்தால் காலையில் காய்ந்துவிடும். கரண்ட் போன ராத்திரியிலும் கால் தானாகக் கண்டுபிடிக்கிற மாதிரி, கதவுக்கு இடப்பக்கம், நுனி தெருவைப் பார்க்க வைத்திருக்கிறேன்.