முள் போகவில்லை

திருச்சி தெப்பக்குளம் பக்கம் போனால், லூர்து அன்னை தேவாலயத்துக்குள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே பஸ் ஹாரன் அலறும். உள்ளே யாராவது ஒருவர் முழங்காலிட்டு, உதடு மட்டும் அசைய, கண்ணீரோடு இருப்பார். ‘இந்த ஒரு கஷ்டத்தை எடுத்துடுப்பா!’ வேறென்ன கேட்கப் போகிறார்? நீங்களும் நானும் கேட்பது அதைத்தானே!

புனித பவுலும் கேட்டார். உடம்பில் ஒரு முள் என்கிறார். அது வியாதியா, வேறு தொல்லையா என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். மூன்று தடவை மன்றாடினார். கடவுள் முள்ளை எடுக்கவில்லை. உன்னால் முடியாத இடத்தில்தான் என் பலத்துக்கு வேலை என்கிற மாதிரி பதில் வந்தது.

வலிக்கிறவனுக்கு இதுவா பதில்? எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். நம்பிக்கை வேறு, ஆனால், அங்கே தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி எனக்குக் கொஞ்சம் புரியவைத்தது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளணும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். ஒன்றும் முடியாததுதான் குட்டியின் ஒரே தகுதி!

அந்த வழியில் வந்த பிள்ளை லோகாசாரியர், 1323-ல் டெல்லிப் படை வந்தபோது, தள்ளாத வயதில் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் என்கிறது வைணவ மரபு. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் உயிர் போயிற்று. பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல். அவர் பார்க்கவில்லை.

பவுலுக்கும் முள் போனதாக எங்கும் எழுதியில்லை. கொரிந்தியருக்கு எழுதிய அதே இரண்டாம் கடிதத்தில், சில வரி தள்ளி, மூன்றாவது தடவையாக உங்கள் ஊருக்கு வரத் தயார் என்கிறார்.