மானியக் குறைப்பின் நியாயம்

ஒரு சர்க்கார் தன் வரியைக் குறைத்துவிட்டதாக அறிவிக்கும்போது, அந்தச் சுமை மெய்யாகவே இறங்கியதா, அல்லது அதைத் தாங்கத் திராணியற்ற வேறொரு தலைக்கு மாறியதா என்று விசாரிப்பது பிரஜைகளின் கடமையாகும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர்களுக்கு நேர்ந்தது இவ்விசாரணைக்குத் தக்க உதாரணம்.

1934-இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, விற்பனை வரியை விதித்த அம்மாநிலம், வரி வருமானத்தில் ஒரு பங்கு ஊர்களையே சாரும் என்று ஏற்றுக்கொண்டு உள்ளாட்சி நிதியை அமைத்தது. தீயணைப்பு, போலீஸ், சாலைப் பராமரிப்பு, பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பு ஆகிய செலவுகளுக்கு இந்நிதி பல ஊர்களில் பெருந்துணையாயிருந்தது. 2011-இல் கவர்னர் ஜான் கேசிக், கஜானாவில் துண்டு விழுந்ததைக் காரணம் காட்டி, இரண்டே ஆண்டுகளில் இதைப் பாதியாக்கினார். 2013 முதல் மரணச் சொத்து வரியும் ஒழிந்தது. அவ்வரியில் 80 சதவீதம் இறந்தவர் வாழ்ந்த ஊருக்கே சேர்ந்துகொண்டிருந்தது.

இனி ஊர் என்ன செய்யும்? வீட்டு வரியை உயர்த்த மக்களிடம் வாக்குக் கேட்கும். அங்கே ஒரு லட்சம் டாலர் பெறுமான வீட்டின் வரி மதிப்பு 35,000 டாலர். ஆயிரத்துக்கு ஒரு டாலர் வீதம் புதுவரி விதித்தால் ஆண்டுக்கு 35 டாலர். சம்பாத்தியம் இருப்பவருக்கு இது அற்பம். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒன்றையே நம்பி, கணவர் விட்டுச்சென்ற வீட்டில் வாழும் மூதாட்டிக்கோ, தீயணைப்புக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று என அடுக்கிவரும் இவ்வரிகள் மருந்துச் செலவில் கைவைப்பவை. அந்த ஓய்வூதியத்துக்கு மாநில வருமான வரியே இல்லையாதலால், 2013-இல் மாநிலம் செய்த வருமான வரிக் குறைப்பால் அவருக்கு ஒரு காசும் மிச்சமில்லை. மேலும், அதே வீத வரி செல்வர்கள் வாழும் புறநகரில் திரட்டித் தரும் தொகையை, ஆலைகள் மூடிக்கிடக்கும் ஊரில் ஒருநாளும் திரட்டித் தராது. ஆகவே எங்கே தேவை அதிகமோ அங்கேதான் வரியும் அதிகம், பலனும் சொற்பம்.

செலவு செய்பவரே வரி கேட்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும், அண்டை ஊர்கள் கூடி ஒரே தீயணைப்பு நிலையத்தை நடத்தலாம் என்ற எதிர்வாதத்தில் சத்தியம் உண்டு. டவுன்ஷிப் என்னும் சிறு உள்ளாட்சிகள் 1,300-க்கும் மேல் உள்ள மாநிலத்தில் சிக்கனத்துக்கு இடமில்லை என்று எவரும் சாதிக்க முடியாது. கஷ்ட காலத்தில் ஊர்களும் இழப்பில் பங்கேற்பது தர்மமே.

ஆனால் கஷ்டம் தீர்ந்த பின்? 2013-லேயே வருமான வரி குறைக்கப்பட்டது. 2018-இல் அவசரகால சேமிப்பு 270 கோடி டாலராக வளர்ந்திருந்தது. மாநில வரி வருமானத்தில் ஊர்களின் பங்கோ, முன்பிருந்த 3.68 சதவீதத்துக்குத் திரும்பாமல் 1.66 என்றே சட்டமாயிற்று. பஞ்சத்தைச் சொல்லி எடுத்துக்கொண்டதைச் செழிப்பு வந்த பிறகும் வைத்துக்கொண்டது அநீதி. பழைய பங்கை ஊர்களுக்கு மீட்டுத்தர ஓஹையோ சட்டசபை கடமைப்பட்டிருக்கிறது.