விடியுமுன் வைக்கும் சீனித்தண்ணீர்

கனடாவின் வன்கூவர் நகரம் 2017இல் தன் நகரப் பறவையாக ‘அன்னா’ என்னும் ஓசனிச்சிட்டைத் தெரிந்துகொண்டது. நான்கைந்து கிராம் நிறையுள்ள அச்சிட்டு, கடுங்குளிரிலும் அந்நகரை விட்டகல்வதில்லை. குளிர் இரவில் உடற்சூட்டைத் தணித்து உறங்கி, விடியலில் பசியோடு எழும். ஆகவே, ஒரு பங்கு சீனியை நான்கு பங்கு நீரிற் கரைத்துத் தோட்டத்தில் தொங்கவிடுவோர், நீர் உறையும் இரவுகளில் அதை உள்ளே எடுத்து, விடியுமுன் மீண்டும் வைக்கின்றனர். கலத்தைக் கழுவாது விட்டாலோ பூஞ்சணம் பிடித்துப் பறவைக்கு நோயாகும்.

அழகைக் கண்டு மகிழ ஒருநாள் ஊட்டுதல் எவர்க்கும் எளிது. நம்பி வரும் உயிருக்கு நாள்தோறும் உண்மையாயிருப்பதே அன்பு. உங்கள் வாசலை நம்பி வருபவர் யார்? சிட்டுக்குருவியையும் மறவாத தந்தை, அவரை உங்கள் கையில் ஒப்படைத்திருக்கின்றார்.