துண்டுக்குள் விலை, வெயிலில் மாடு

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செவ்வாய், வியாழக் கிழமைகளில் விலை பேசும் முறை வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். விற்கிறவரும் வாங்குகிறவரும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்தும் மடக்கியும் பேரம் நடக்கிறது. முகத்தில் ஒன்றும் தெரியாது, பக்கத்தில் நிற்பவர் காதில் ஒரு எண்ணும் விழாது. இதென்ன ஒளிவுமறைவான வியாபாரம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஒளிந்திருப்பது விலை மட்டும்தான். மாடு வெட்டவெளியில் வெயிலில் நிற்கிறது. வாயைப் பிடித்துப் பல் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நாலு எட்டு நடக்கவிட்டுக் கால் பார்க்கலாம். அதே ஊரில் ஒருவர் பழைய சொகுசுக் கார் வாங்கப் போனால் எல்லாம் தலைகீழ். விலை ஊரறிய இருக்கிறது. கைபேசியில் ஆண்டு, மாடல், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் தட்டினால் வந்து விழுந்துவிடும். துண்டு போர்த்தியிருப்பது வண்டியின் மேல். நியாயமான விலை என்று நாம் சொல்வது ஒரு எண்ணையா, அல்லது அந்த எண்ணைப் பேசும்போது இருவருக்கும் பொருளைப் பற்றித் தெரிந்திருப்பதையா என்ற பழைய கேள்விக்கு இந்த இரண்டு வியாபாரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நியாய விலை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ரேஷன் கடை. அரசு ஒரு எண்ணைப் பலகையில் எழுதி, இதுதான் நியாயம் என்கிறது. பென்ஸுக்கும் ஆடிக்கும் யாரும் அப்படியொரு கடை திறக்கப்போவதில்லை. அதனால் சந்தை சொல்லும் எண்ணே நியாயம் என்பது பலருடைய கட்சி. 60 லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஏழெட்டு வருடம் கழித்து 15 லட்சத்துக்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 லட்சத்தில் பெரும்பகுதி, முதல் ஓனர் ஓட்டித் தீர்த்துவிட்ட பெருமை. அதைப் பற்றி நமக்கு வழக்கு இல்லை. வழக்கு அந்த 15 லட்சத்தில் இருக்கிறது. இந்த மாடல், இத்தனை கிலோமீட்டர் ஓடியவை பொதுவாக என்ன விலைக்குப் போகின்றன என்பதிலிருந்து வந்த எண் அது. மீட்டரில் 1,40,000 கிலோமீட்டரை 60,000 ஆகக் குறைத்து வைத்தவர் அந்த எண்ணைத் தொடுவதேயில்லை. சந்தை விலைக்குத்தான் விற்கிறார், ஆனால் அந்த இடத்தில் இல்லாத ஒரு வண்டியின் சந்தை விலைக்கு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை இதே பழைய கார் சந்தையைத்தான் எடுத்துக்கொண்டது. நல்ல வண்டி எது, சொத்தை வண்டி எது என்று வாங்குகிறவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாதபோது அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பார், அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர் விற்காமல் ஒதுங்குவார், மிஞ்சுவது சொத்தைகள், விலை இன்னும் இறங்கும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரை முக்கியக் காரணம். அதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மறைக்கிறவர் ஏமாற்றுவது வாங்குகிறவரை மட்டுமல்ல. தன் வண்டியை ஒழுங்காகப் பராமரித்து, சர்வீஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து, உள்ளதைச் சொல்லி விற்க வந்த இன்னொருவரின் பணமும் அந்த மௌனத்தில் போகிறது.

மீட்டரைக் குறைப்பது சட்டப்படியும் மோசடிதான். அதில் சிக்கல் இல்லை. சிக்கல், வாயே திறக்காமல் விற்பதில். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவில் மோசடிக்கு விளக்கம் தந்துவிட்டு ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரைக்குக் கோளாறு இருப்பது ஒருவருக்குத் தெரியும், ஏலத்தில் விற்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த வரியிலேயே, வாங்குவது விற்கிறவரின் அப்போதுதான் வயதுக்கு வந்த மகள் என்றால், சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. மூன்றாவதாக, 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகான மௌனம் பேச்சுக்குச் சமம். ஆட்டோ கன்சல்டிங் வாசலில் நிற்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய வரி அந்த மூன்றாவது. தத்துவத்துக்கு வேண்டியது இரண்டாவது. உறவு என்று வந்தால் மௌனமும் வஞ்சகம்தான் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. உறவின் எல்லையை மட்டும் சுருக்கி வைத்திருக்கிறது. கொங்கு நாட்டில் பேரம் தொடங்கினால் விற்கிறவர் வாங்குகிறவரை 'அண்ணா' என்பார், கொஞ்சம் நெருங்கினால் 'மாப்ள', இன்னும் நெருங்கினால் 'நம்ம பங்காளி'. உறவு சொல்லிக் கூப்பிட்டு, அயலானுக்கு மட்டும் செல்லும் மௌனத்தையும் கையில் வைத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

சட்டம் கைவிட்ட இந்த இடத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சான்றாகச் சேர்க்கலாம். பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள ஆனைமலையில் மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். பொருளைப் பறிகொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளினாலும் சரி, நம்பினாலும் சரி, அந்த வழக்கத்துக்குள் ஒரு நியாயக் கோட்பாடு இருக்கிறது. களவு கொடுத்தவரும் வஞ்சிக்கப்பட்டவரும் ஒரே கல்லுக்கு வருகிறார்கள். அம்மனிடம் இரண்டும் ஒரே பிராது. ஒருகாலத்தில் கொங்கு நாட்டில் செழித்திருந்த சமணமும் இப்படித்தான் வகைப்படுத்தியது. விஜயமங்கலத்துக் கோயில் இன்றும் அந்தக் காலத்துக்குச் சாட்சி. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கள்ள எடை வைப்பதையும் போலியை அசல் என்று தள்ளிவிடுவதையும் பொய் சொல்லாமை என்ற விரதத்தின் கீழ் வைக்கவில்லை; திருடாமை என்ற விரதத்தின் மீறல்களாக வைக்கிறது. நபிகள் நாயகத்தைப் பற்றிய ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தவர் உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டார். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே போட்டு மக்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார். நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அந்த ஈரம் நம் காலத்தில் நேரடியாகவே பொருந்துகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. விலை உயர்ந்த கார்களில் மின்னணுப் பெட்டிகள் பலவும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் இருக்கும். தண்ணீர் வடிந்து, உள்ளே கழுவி, மணம் தெளித்து நிறுத்தினால் வண்டி புதுப்பெண்போல இருக்கும். இணைப்புகளில் பிடித்த துரு மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியும் என்பது மெக்கானிக்குகள் சொல்லித்தரும் பாடம். குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பது என்பது இன்றைக்கு இதுதான்.

இனி மறுப்புகள். முதலாவது, கனமானதும் கூட: அறிவு உழைத்துச் சேர்த்தது, அதை ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? இருபது வருடம் வண்டி வாங்கி விற்றவர், எந்த மாடலுக்கு எப்போது கிராக்கி வரும் என்று கற்றிருக்கிறார்; அதையெல்லாம் வாங்குகிறவரிடம் ஒப்பிக்கவா முடியும்? கி.மு. 44இல் சிசரோ தன் 'கடமைகள்' நூலில் இதே சிக்கலை வைத்து இரண்டு ஸ்டோயிக் அறிஞர்களை மோதவிட்டார். பஞ்சத்தில் இருக்கும் ரோட்ஸ் தீவுக்கு முதலில் வந்து சேர்ந்த தானிய வணிகனுக்கு, பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது தெரியும். சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை, சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது என்றார் டயோஜெனீஸ். மனிதருக்கு மனிதர் கடமைப்பட்டவர்கள், சொல்லியாக வேண்டும் என்றார் ஆன்டிபேட்டர். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்ந்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறொரு கோடு போட்டார்: வரப்போகும் கப்பலைப் பற்றிச் சொல்வது நல்ல குணம், சொல்லாவிட்டால் அநீதி இல்லை; ஆனால் விற்கும் பொருளின் மறைவான குறையைச் சொல்லாமல் முழு விலை வாங்குவது அநீதி. என் கட்சி அக்குவினாஸுக்கு அருகில், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. சந்தையைப் பற்றிய அறிவு விற்கிறவரின் சொத்து. அவர் உழைத்துச் சேர்த்தது, வண்டியோடு கைமாறுவதில்லை. வண்டியின் வரலாறு அப்படியல்ல. விபத்தில் சேஸிஸ் வளைந்து நிமிர்த்தியது, தண்ணீரில் நின்றது, கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டது எல்லாம் வண்டிக்கு நடந்தவை, ஆர்.சி. புத்தகத்தைப்போல வண்டியோடு போகவேண்டியவை. வண்டியை விற்றுவிட்டு வரலாற்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறவர், விற்ற பொருளில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறார். ஆனைமலைக் கல்லும் சமண சூத்திரமும் இதைக் களவின் பக்கத்தில் வைத்தது அதனால்தான் பொருந்துகிறது.

இரண்டாவது மறுப்பு: சொகுசுக் கார் வாங்குகிறவர் என்ன ஏழையா, ஏமாந்தால் ஏமாறட்டும். இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பென்ஸ் வாங்குகிறவர் பெரும்பாலும் புது பென்ஸ் வாங்க முடியாதவர். தேங்காய் விலை ஏறிய ஒரு வருடத்துத் துணிச்சலிலோ கடனிலோ வருகிறவர். வண்டி விலை இறங்கினாலும் உதிரி பாகத்தின் விலை இறங்குவதில்லை. 15 லட்சத்து வண்டிக்கு வரும் பில் 60 லட்சத்து வண்டியின் பில். அவருடைய ஆசையில் தற்பெருமை இருக்கலாம். தற்பெருமைக்கு அறம் தண்டனை சொன்னாலும் அதை வசூலிக்கும் குத்தகையைப் புரோக்கருக்கு விட்டதாக எந்த மதத்திலும் படித்ததில்லை.

மூன்றாவது மறுப்பு என் தொடக்கத்தையே தாக்குகிறது: மாட்டுச் சந்தை மட்டும் யோக்கியமா? கொம்பைச் சீவி எண்ணெய் பூசி வயதை மறைப்பதும், பால் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவதும் அங்கே தெரியாத வித்தைகளா? தெரிந்தவைதான். ஆனால் அந்த வித்தைகளை வாங்குகிறவரின் கண்ணும் கையும் எட்டிப் பிடிக்க முடியும். சம்சாரிக்கு மாடு தெரியும். காரில் உள்ளதைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும், லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பொருள் எவ்வளவுக்கு வாங்குகிறவரின் கண்ணுக்கு எட்டாமல் போகிறதோ, அவ்வளவுக்கு விற்கிறவரின் வாய்க்குப் பொறுப்பு கூடுகிறது. சந்தை மனிதர்கள் நல்லவர்கள் என்பதல்ல என் வாதம். மாடு ஒளிய முடியாதது.

வாங்குகிறவரும் தூய்மையானவர் இல்லை. ஓட்டியவர் இறந்துபோய், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பம் விற்கும்போது, இது அரிதான மாடல் என்று தெரிந்தும் 'பழைய வண்டிங்க, யாரு எடுப்பா' என்கிறவர் அதே களவைத்தான் மறுபக்கம் நின்று செய்கிறார். வங்கித் தவணை நெருக்குகிறது என்று தெரிந்து அடித்துப் பேசுகிறவர் விஷயம் வேறு. அங்கே என் கோடு போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருவருக்கும் வண்டி முழுதாகத் தெரிந்திருந்தும் ஒருவரின் கழுத்தில் கயிறு இருக்கலாம். அதற்கு நியாயம் என்ற சொல் எட்டாது. வள்ளலார் தயவு என்றாரே, அது வேண்டும். பொள்ளாச்சியில் பிறந்து, தொழில் நடத்தி, வள்ளலாரைப் பரப்புவதை வாழ்நாள் பணியாகக் கொண்ட நா. மகாலிங்கத்தின் ஊரில் அந்தச் சொல் புதிதல்ல. ஆனால் தயவு கேட்டு வாங்கக்கூடியதல்ல, உண்மை கேட்டு வாங்கக்கூடியது; அதனால் விலை பேசுவதற்கு முன் வைக்கக்கூடிய நிபந்தனை உண்மை ஒன்றுதான்.

கடைசியாக வியாபாரிகளின் கேள்வி: குறையையெல்லாம் சொன்னால் யார் வாங்குவார்கள்? வெள்ளத்தில் நின்ற வண்டியும் ஒரு வண்டிதான். பிரித்து உதிரி பாகமாக விற்கிறவருக்கு வேண்டும், தானே மெக்கானிக்காக இருப்பவருக்கு வேண்டும், இத்தனை செலவாகும் என்று கணக்குப் போட்டே எடுக்கிறவருக்கும் வேண்டும். பொள்ளாச்சியில் வாரா வாரம் சுழி சரியில்லாத மாடு சந்தைக்கு வருகிறது. சுழி நடு முதுகில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதுவும் பொழுது சாய்வதற்குள் லாரி ஏறிவிடுகிறது. துண்டுக்குள் ஒன்றிரண்டு விரல் மடங்கும், அவ்வளவுதான்.