அடக்க விலையும் வீட்டு இரகசியமும்

 

எல்லாப் புகழும் ஏக வல்லோன் அல்லாஹுத் தஆலாவுக்கே. அவனுடைய திருத்தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

வியாபாரிகளாகிய நமக்குள் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அடக்க விலையை யாரிடமும் சொல்லமாட்டோம். கேட்கிறவர் பத்து வருஷத்து வாடிக்கைக்காரராக இருக்கட்டும், பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுகிற பக்கத்துக் கடைக்காரராகவே இருக்கட்டும், "இந்த மூட்டை உங்களுக்கு என்ன விலைக்கு வந்தது?" என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவோம். கல்லாப்பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்த கடை எங்கும் இல்லை. பேரேட்டை அஞ்சடியில் விரித்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறவரும் இல்லை. சரக்கைப் பரப்புகிறோம், கணக்கை மூடுகிறோம். இதை நமக்கு எந்த மதரஸாவிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொழில் சொல்லிக் கொடுத்தது.

இத்தனை ஜாக்கிரதையுள்ள நம் ஜனங்களில் பலர் கைப்பேசியைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசுவது, மருமகள் முழுகாமல் இருப்பது, புது வீட்டுக்கு முன்பணம் கட்டியது, மனைவிக்கு அறுவைச் சிகிச்சை ஆனது, அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினையில் வந்த மனத்தாங்கல் ஆகிய எல்லாம் முகநூலுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் போய்விடுகின்றன. மூட்டையின் அடக்க விலை இரகசியம். உம்மாவின் நோய் பகிரங்கம்! இது என்ன கணக்கு?

சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். ஊரையும் பேரையும் எழுதினால் நாம் சொல்ல வந்ததற்கே விரோதமாகும். ஒரு பலசரக்குக் கடை முதலாளி, வயது எழுபதை நெருங்கியவர், நெஞ்சுவலி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பாசமுள்ள மகன், மூக்கிலும் கையிலும் குழாய்களோடு கிடக்கும் வாப்பாவைப் படம் பிடித்து, துஆச் செய்யும்படி எழுதி ஸ்டேட்டஸில் வைத்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் அவனுக்கு இல்லை. ளுஹருக்கு வைத்த படம், அஸருக்குள் மொத்த வியாபாரிகள் மூவர் கடைக்கு வந்துவிட்டார்கள். அறுபது நாள் தவணையில் சரக்குப் போட்டவர்கள். நலம் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு, "அந்தப் பழைய பாக்கி..." என்று இழுத்தார்கள். அடுத்த வாரம் சரக்கு ரொக்கத்துக்குத்தான் என்றார்கள். நாற்பது வருஷம் கட்டிக் காத்த நாணயம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது.

அல்லாஹ்வின் கிருபையால் பெரியவர் பிழைத்து வீடு திரும்பினார். பாக்கிக்காரர்கள் வந்ததைக் கேட்டு அவர் வருந்தவில்லை. "வியாபாரம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். வாழ்நாளில் தொப்பி இல்லாமல் கடை வாசலில் நிற்காத மனிதர் அவர். மார்பு திறந்து, வாய் பிளந்து, நினைவின்றிக் கிடந்த கோலத்தைத் தம் சம்பந்தி வீட்டாரும் தம்மிடம் வேலை பார்த்துப் போனவர்களும் பார்த்துவிட்டார்கள் என்று அறிந்தபோதுதான் தலையைக் குனிந்துகொண்டார்.

துஆக் கேட்பது நல்ல காரியமே. "வாப்பாவுக்குச் சுகமில்லை, துஆச் செய்யுங்கள்" என்று பள்ளி இமாமிடமும் நெருங்கிய சொந்தங்களிடமும் சொன்னால் அல்லாஹ் ஏற்கமாட்டானா? படம் எதற்கு?

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாம் ஆலிம்கள் அல்லர். மதரஸாவில் ஓதிய மட்டிலும், பெரியவர்கள் பயானில் கேட்ட மட்டிலும் சொல்கிறோம். சூரத்துந் நூரில் அல்லாஹுத் தஆலா, பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது என்று விதிக்கிறான். திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்கிறான். அதே சூராவில் இன்னும் நுட்பமான சட்டம் ஒன்று இருக்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில், சொந்த வீட்டுப் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும். பெற்ற பிள்ளைக்கே இந்தச் சட்டம்! அந்த மூன்று வேளைப் படங்களும் இன்று முன்பின் அறியாத ஆயிரம் பேர் கையில் இருக்கின்றன. படுக்கை அறையில் புரளும் குழந்தை, தூங்கி வழியும் மனைவி, உள்ளாடையோடு சமைக்கும் கணவன் என்று எல்லாம் வேடிக்கையாகிவிட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தின் ஓட்டை வழியே ஒருவர் எட்டிப் பார்த்த செய்தி புகாரி ஷரீபில் வருகிறது. அப்போது பெருமானார் கையில் தலை கோதும் சீப்பு ஒன்று இருந்தது. அவர் பார்ப்பது தமக்கு முன்பே தெரிந்திருந்தால் இதனாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்று கடிந்துகொண்டார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்றும் அறிவித்தார்கள். கருணையே உருவான நபியவர்கள் இத்தனை கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு. அன்று எட்டிப் பார்க்கிறவர் ஓட்டையைத் தேடி வரவேண்டியிருந்தது. இன்று வீட்டுக்காரரே சுவரை இடித்து ஜனங்களைக் கூப்பிடுகிறார்.

இங்கே ஒரு நியாயம் சொல்வார்கள். இறைவன் தந்த நிஃமத்தை எடுத்துச் சொல்லும்படி சூரத்துள் ளுஹாவில் ஆணை இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே குர்ஆன் ஷரீபில் யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரமும் இருக்கிறது. பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்கு ஸுஜூது செய்யக் கண்ட கனவை அவர்கள் தந்தையிடம் சொன்னபோது, யஃகூப் நபி (அலை) அவர்கள் அதைச் சகோதரர்களிடம் சொல்லவேண்டாம் என்று தடுத்தார்கள். அந்தக் கனவைவிடப் பெரிய நிஃமத் எது? கூடப் பிறந்தவர்களிடமே மறைக்கச் சொன்ன சந்தர்ப்பமும் உண்டென்றால், நம் புதுக் காரின் சாவியை எத்தனை பேரிடம் காட்டுவது என்று யோசிக்க வேண்டாமா? கண்ணூறு உண்மை என்பது நபிமொழி. கண்ணூறை விடுங்கள், திருடன் கண் ஒன்று இருக்கிறதே! குடும்பத்தோடு உம்ராவுக்குப் போகிறோம் என்று விமான நிலையத்தில் பெட்டிகளோடு நின்று படம் போடுகிறவர், வீட்டில் ஆளில்லை என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார். பேரப்பிள்ளையின் பெயர், படிக்கும் பள்ளி, மகன் வேலை பார்க்கும் ஊர் எல்லாம் தெரிந்துகொண்டு, மகன் பெயரால் பணம் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றி வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் உடனே கூப்பிட 2022 முதல் 997 என்ற எண்ணை மலேசிய அரசாங்கம் வைத்திருக்கிறது. எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுவது நல்லது.

இன்னொன்றையும் வியாபாரி மூளையோடு யோசிக்கலாம். முகநூல் 2004ல் தொடங்கியது. வாட்ஸ்அப்பை 2014ல் அதே கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முகநூலுக்கு நம்மிடம் ஒரு வெள்ளியும் வாங்குவதில்லை. வாடகை கட்டி, ஆள் வைத்து, இலவசமாகக் கடை நடத்தும் முதலாளி உலகத்தில் உண்டா? அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரர் விளம்பரம் கொடுப்பவர். நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் போடுகிறோம், எதில் நெடுநேரம் நிற்கிறோம் என்பதே அங்கே சரக்கு. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. பார்த்தவர் அதைப் படம் பிடித்துத் தம் கைப்பேசியில் வைத்துக்கொள்ள ஒரு விநாடி போதும்.

கைப்பேசியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இங்கே பிழைக்கும் சபுராளி ஒருவர், கடையடைத்தபின் மாடியில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் அது பெரிய ரஹ்மத். 'ரஜுலா' கப்பல் ஓடிய காலத்துப் பெரியவர்கள் ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பெண்கள் பலர் அறபுத்தமிழில் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டு மாமி எழுதிக் கொடுப்பார். குடும்பத்தின் அத்தனை சங்கதியும் அந்த மாமிக்குத் தெரியும். அவர் அதைத் தெருவில் பேசமாட்டார். கபுரோடு கொண்டுபோன இரகசியங்கள் எத்தனையோ.

அதற்குப் பெயர்தான் அமானிதம். சிறுவராக இருந்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. என்ன வேலை என்று தாயார் கேட்க, அது இரகசியம் என்றார் பிள்ளை. அந்தத் தாயார் கோபிக்கவில்லை. அதை ஒருவரிடமும் சொல்லாதே என்று மகனுக்கே புத்தி சொன்னார். முஸ்லிம் ஷரீபில் உள்ள இந்தச் செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும், அவர்கள் உம்மாமார்களுக்கும் சொல்லவேண்டும்.

மனைவியின் நோய் கணவனுடைய சொத்தன்று. அவளிடம் கேட்காமல் அதை வெளியிட அவனுக்கு உரிமை இல்லை. கணவனின் கடனும் மனைவி தன் தோழிகளிடம் பரப்பத் தக்கதன்று. பரீட்சையில் தோற்ற மகனின் மதிப்பெண் அவனுடையது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வேண்டாம் என்று சொல்ல வாயில்லாதது. நாளை அது வளர்ந்து, தன்னைக் குளிப்பாட்டிய படத்தைக் கூட்டாளிகள் காட்டிச் சிரிக்கும்போது பெற்றவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? கணவன் மனைவியின் அந்தரங்கத்தை வெளியே பரப்புகிறவன் கியாமத் நாளில் மிகக் கெட்ட மனிதருள் ஒருவன் என்ற நபிமொழியும் முஸ்லிம் ஷரீபில்தான் இருக்கிறது. மண முறிவுச் சண்டையில் ஒருவர்மீது ஒருவர் குரல்பதிவு அனுப்புகிறவர்கள் இதை அச்சத்தோடு நினைக்கவேண்டும்.

மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. 2010ல் இயற்றிய சட்டம். வாடிக்கைக்காரரின் அடையாள அட்டை எண்ணையும் விலாசத்தையும் வாங்கி வைக்கும் வியாபாரம் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியத்துக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தொடாது. அதாவது, கடைக்குக் காவல் உண்டு. வீட்டுக்குள் சட்டம் வராது. அங்கே அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே காவல்.

குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர்க் குழு, பள்ளிக் குழு, சங்கக் குழு என்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பத்து இருக்கின்றன. ஒருவர் கடை முறிந்துபோனது, ஒருவர் மகள் யாரோடோ போய்விட்டாள் என்பது போன்ற செய்தி விழுந்ததும், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுதிவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத் ஒரே ஆயத்தில் சேர்த்துத் தடுத்திருக்கிறது. இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு அதை ஒப்பிட்டிருக்கிறது. அஸ்தஃபிருல்லாஹ் சொல்லித் தின்றால் அந்த மாமிசம் ஹலால் ஆகிவிடாது.

கடைசியாக, நோன்பு மாதத்து உதவிப் பைகள். அரிசி, எண்ணெய், மாவு, பேரீத்தம்பழம் கொடுப்பது பெரிய கைர். ஆனால் பல இடங்களில் வாங்குகிறவரைப் பதாகைக்கு முன் நிறுத்தி, கொடுப்பவர் சிரிக்க, வாங்குபவர் தலை குனியப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்பது சூரத்துல் பகராவின் போதனை. நாம் வெளிப்படுத்துவது நம் தருமத்தை மட்டுமா? அந்த விதவைத் தாயின் வறுமையையும் அல்லவா? அவள் மகன் படிக்கும் வகுப்பில் அந்தப் படம் சுற்றினால், அடுத்த வருஷம் அவள் பை வாங்க வரமாட்டாள். பசியோடு இருந்துகொள்வாள். பணம் கொடுத்தவர்களுக்கு அத்தாட்சி வேண்டும் என்பது நியாயம். அதற்குச் சரக்கு வாங்கிய ரசீது போதும். அடுக்கி வைத்த பைகளின் படம் போதும். செயலாளரிடம் இருக்கும் கையெழுத்துப் புத்தகம் போதும். பைகளை இஷாவுக்குப் பின் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதே நல்ல முறை. வேன் வைத்திருக்கும் சகோதரர்கள், ஷஃபான் மாதத்துக்குள் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டால் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

வஸ்ஸலாம்.