விசை யார் கையில்?

உப்பிலியபுரத்தை அடுத்த ஏரியொன்று நிரம்பியிருக்கும்போது ரேடியோவில் இயங்கும் மாதிரி நீர்விமானத்தை யாராவது விட்டால், கரையில் நிற்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, 'இதை ஓட்டுறது யாரு?' என்றுதான். 1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா கம்பியில்லாமல் சிறு படகை இயக்கிக் காட்டியபோதும் பார்த்தவர்கள் இப்படித்தான் வியந்திருப்பார்கள்.

இயக்குவது யார் என்பது திருவரங்கத்துக்குப் பழகிய கேள்வி. உயிர் இறைவனை அடைவது, தாயைக் குட்டி பற்றிக்கொள்ளும் குரங்கு வழியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை வழியா என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறைகளாக வாதாடியிருக்கிறார்கள். முறையே அவ்விரு பிரிவினரின் ஆசாரியர்களான வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வாழ்ந்த ஊர் அது.

ஏரியிலிருந்து அந்த மாதிரி விமானம் எழும் நொடியைக் கவனியுங்கள். விசையைக் கூட்டியதும் மிதவைகள் நீரைக் கிழித்து மேலேறி, அடிப்பகுதியிலுள்ள படியின்மேல் வழுக்கி ஓடுகின்றன. கண்ணாடிபோல் அசையாத நீர் மிதவையை இழுத்துப் பிடிக்கும். சிற்றலை இருந்தால் அடியில் காற்று புகுந்து எளிதில் விடுவிக்கும். கரையில் நிற்பவர் அனுப்புவது சமிக்ஞை மட்டுமே. தூக்குவது இறக்கைமேல் ஓடும் காற்று.

அவ்விரு பிரிவினருக்கும் பொதுவான ஆசாரியர் ராமானுஜர் தம் ஸ்ரீபாஷ்ய உரையில் சொல்வது இதற்கு நெருங்கி வருகிறது: முதல் முயற்சி உயிரினுடையது, அதைப் பார்த்து அனுமதி தந்து நடத்துபவன் உள்ளுறையும் இறைவனாகிய அந்தர்யாமி. ஆனால் உவமை ஓரிடத்தில் உடைகிறது, அந்த இடம்தான் முக்கியம். விமானத்துக்கு விருப்பம் கிடையாது. விழுந்தால் பழியும் கிடையாது. அனுமதி என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், கேட்கிற ஒருவர் இருந்தாக வேண்டும். மனிதரை வெறும் கருவியாக்க மறுத்த ராமானுஜரின் அந்தப் பிடிவாதம் பெரிது.