தட்டில் ஹலால் இருந்தால் போதுமா?

“மாமு, நான் குடிக்கவில்லை. என் தட்டில் இருந்தது சோறும் மீனும்தான். நான் செய்த குற்றம் என்ன?”

என் சகோதரியின் மகன் சென்ற ஆண்டு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஐவேளைத் தொழுகையைப் பேணுபவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறான்.

நடந்தது இதுதான். ஆலையில் ஒரு பெரிய வேலை முடிந்த மகிழ்ச்சியில் மேலதிகாரி தம் ஆட்களை நெடுஞ்சாலையோரம் உள்ள ஓர் ஓட்டலுக்கு விருந்துக்கு அழைத்துப் போனார். கீழே சாப்பாட்டுக் கூடம். மாடியில் மது அருந்துமிடம். விருந்து மாடியில். இவன் மறுக்கத் தயங்கி உடன் சென்றான். மற்றவர்கள் குடித்தார்கள், இவன் எலுமிச்சைச் சாறு அருந்திச் சோறு தின்றான். யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் பல கை மாறி அவனுடைய உம்மாவின் கைக்கே வந்து சேர்ந்தது. மகனுக்கு முன்னால் மேசையில் ஒரு புட்டி, நாலைந்து கண்ணாடிக் குவளைகள். அந்தத் தாய் மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவ்வளவுதான்.

ஒருவனுடைய வினா அல்ல

அன்புச் சகோதரர்களே! இது என் மருமகன் ஒருவனுடைய வினா அல்ல. 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. திருவள்ளூரை அடுத்துக் காக்களூரில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருவோர், பொன்னேரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவோர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போர் என்று எத்தனையோ பேர் இங்கே உழைக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வேளாவேளைக்கு வீட்டுச் சோறு கிடைக்காதவர்கள் கேன்டீனையும் டீக்கடையையும் பரோட்டாக் கடையையும் சாலையோரத் தாபாவையும்தான் நம்பியிருக்கிறார்கள்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தச் சோதனை இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, பின்னர் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 2003-இல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையை ஏற்றது. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே அதில் பல தளர்வுகள் வந்தன. அன்று குடிக்க விரும்பியவன் இடம் தேடி அலைந்தான். இன்று குடிக்காதவன்தான் சாப்பிட இடம் தேட வேண்டியிருக்கிறது.

உணவைப் பற்றிய சட்டம்

முதலில் தட்டைப் பார்ப்போம். பிற மதத்தவர் சமைத்த உணவு என்பதற்காகவே அது ஹராமாகிவிடாது. இட்லி, சாம்பார், காய்கறி, முட்டை இவற்றில் தடையில்லை. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும்தான் அறுத்தவர் யார் என்பது முக்கியம்.

இறைச்சி கொண்டுவரும் சிலர் அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லையே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டது. நீங்கள் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரியில் உள்ளது. ஆனால் அங்கே பேசப்பட்டவர்கள் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. முஸ்லிம் அறுத்த இறைச்சியில் வீண் சந்தேகம் கொள்ளாதே என்பதுதான் அதன் பாடம். யார் அறுத்ததென்றே தெரியாத சாலையோரக் கடைக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும், பதில் தெளிவாக இல்லையென்றால் காய்கறியோடு நிறுத்திக்கொள்வதும்தான் பேணுதல். ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையிலுள்ள சந்தேகமானவற்றை விட்டவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்துள்ள நபிமொழியை அறியாதவர் நம்மில் யார்?

என் மருமகன் இந்த அளவில் தவறவில்லை. அவன் தட்டு சுத்தமானதுதான்.

இருக்கையைப் பற்றிய சட்டம்

ஆனால் மார்க்கம் தட்டோடு நின்றுவிடுகிறதா? அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். இங்கே குடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அமர்வதைப் பற்றித்தான் பேச்சு.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றித் தஃப்ஸீர்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மது அருந்திய சிலரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. தண்டனையை அவரிடமிருந்தே தொடங்குங்கள் என்றார்களாம் கலீஃபா. பாவம் நடக்கும் சபையில் உடன் அமர்ந்திருப்பதைக் கண்டிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 140-வது வசனத்தையே இதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

மத்ஹபுடைய இமாம்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். விருந்துக்குப் போன இடத்தில் விலக்கப்பட்ட காரியம் நடக்கக் கண்டால் என்ன செய்வது என்று ஹனஃபீ நூலான ஹிதாயா பேசுகிறது. அந்தக் காரியம் அமரும் விரிப்பிலேயே நடந்தால் உட்காரக் கூடாது. வீட்டின் வேறு பகுதியில் நடந்தால், சாதாரண மனிதர் பொறுமையோடு உண்டுவிட்டு வரலாம். பிறர் பின்பற்றும் நிலையில் உள்ளவரோ, தடுக்க முடியாவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் போகவே வேண்டாம். தம் வருகையால் அந்தத் தீமை நீங்கும் என்றால் போகத்தான் வேண்டும் என்பது ஷாஃபிஈ இமாம்களின் விளக்கம்.

பின்பற்றப்படுபவர் என்றால் ஆலிம்களும் தலைவர்களும்தானே என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொரு தகப்பனும் தன் வீட்டில் பின்பற்றப்படுபவன் அல்லவா? என் மருமகனுக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். வாப்பா அமர்ந்த மேசையில் நானும் அமர்ந்தால் என்ன என்று பத்து ஆண்டுக்குப் பின் அவன் கேட்டால் இவன் என்ன பதில் சொல்வான்?

காப்பியும் ஒருகாலத்தில்

இன்று நாம் விரும்பிப் பருகும் காப்பிக்கே இப்படி ஒரு வழக்கு வந்ததுண்டு. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்காக அருந்திய இந்தப் பானத்தை, ஹிஜ்ரி 917, அதாவது கி.பி. 1511-இல், மக்காவின் அதிகாரி கைர் பேக் தடை செய்தார். மக்கள் கூடி அமர்ந்து குவளையைச் சுற்றுக்கு விட்ட விதம் மதுச் சபையை ஒத்திருந்ததும் ஒரு காரணம். காலப்போக்கில் காப்பி ஆகுமானதென்று முடிவாயிற்று. மதுச் சபையைப் போல் கூடுவதோ கண்டனத்துக்குரியதாகவே நின்றது. குவளையில் இருப்பது என்ன என்பது ஒரு கேள்வி. சபை எப்படிப்பட்டது என்பது வேறொரு கேள்வி. நம் முன்னோர் இரண்டையும் தனித்தனியே எடைபோட்டார்கள்.

இங்கிலாந்துக்குப் படிக்கவும் பணியாற்றவும் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான். அங்கே நாட்டுப்புறச் சிற்றூர்களில் ‘பப்’ என்பது மதுக்கடை மட்டுமல்ல. ஊரார் குடும்பத்தோடு கூடிப் பகலுணவு உண்ணும் பொது மனையும் அதுவே. சில ஊர்களில் சூடான சாப்பாடு வேறெங்கும் கிடைப்பது அரிது. மீன்தானே என்று கேட்டு வாங்கினால், மீனைத் தோய்க்கும் மாவில் பீர் கலப்பதுண்டு. சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு. எனவே மீனிலும் கேட்டறிய வேண்டியிருக்கிறது. வேறு வழியற்ற பிரயாணியின் நிலை வேறு. நான்கு கடை தள்ளி நல்ல கடை இருப்பவனின் நிலை வேறு. கும்மிடிப்பூண்டியில் இருப்பவன் இரண்டாமவன்தான்.

படம் பார்த்தவர்களுக்கும் ஒரு சொல்

பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள், தம்மைக் காண வந்த துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் இரவில் நின்றபோது இரு அன்ஸாரித் தோழர்கள் கடந்து போனார்கள். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தெளிவுபடுத்தினார்கள். மாசற்ற அந்த மாநபியே பிறர் உள்ளத்தில் ஐயம் புகாமல் காத்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்? சந்தேகத்துக்கு இடமான இடத்தில் அமர்ந்துவிட்டு, என் உள்ளம் எனக்குத் தெரியும் என்று சொல்வது போதாது.

ஆனால் படத்தைப் பார்த்து, இன்னார் மகன் குடிகாரனாகிவிட்டான் என்று பேசித் திரிந்தவர்களின் கதி என்ன? அதிகமான யூகங்களை விட்டும், துருவித் துருவி ஆராய்வதை விட்டும், புறம் பேசுவதை விட்டும் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறதே! அவன் அமர்ந்தது பிழை. இவர்கள் பேசியது அதனினும் பெரிய பிழை.

மேசையை மறுக்கலாம், மனிதரை அல்ல

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன், “வராமல் இருந்தால் அவர்களை வெறுப்பதாக நினைப்பார்கள், மாமு. நாளெல்லாம் உலையருகே ஒன்றாக வேகிறோம்” என்றான். இது நியாயமான கவலை. நம்மவரில் சிலர் மார்க்கப் பேணுதலை முகச்சுளிப்பாக்கிவிடுகிறார்கள். உடன் உழைப்பவனை இழிவாகப் பார்ப்பது பேணுதல் ஆகாது, அது பெருமை. “சாப்பாட்டை மறு, அவர்களை மறுக்காதே. காரணத்தைச் சிரித்த முகத்தோடு முன்கூட்டியே சொல்” என்றேன்.

கார்த்திகை மாதத்தில் மீண்டும் ஒரு விருந்து வந்தது. அதே ஓட்டல், அதே மாடி. இவன் தயங்கி நிற்க, சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒரு தொழிலாளி, “நான் விரதம் சார், வர முடியாது” என்று சாதாரணமாகச் சொன்னாராம். ஒருவரும் முகம் கோணவில்லை. “அவர் தம் விரதத்தைச் சொல்லக் கூசவில்லை. ஆயுள் முழுவதும் விலக்கப்பட்டதைச் சொல்ல நான் ஏன் கூசினேன்?” என்று என்னிடம் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது. அன்று இவனும் சொல்லிவிட்டான். “அதற்கென்ன தம்பி, போன தடவையே சொல்லியிருக்கலாமே!” என்றாராம் அதிகாரி. இருவரும் ஒரு சைவ ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்து வந்த பெருநாளன்று அந்த அதிகாரியும் தொழிலாளிகளும் பழவேற்காட்டுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். அன்றும் ஒருவர் படம் பிடித்தார். அதிலும் என் மருமகன் அதே நண்பர்களுக்கு நடுவில்தான் அமர்ந்திருக்கிறான். பரிமாறிக்கொண்டு நிற்பது அவனுடைய உம்மா.

உண்ணும் உணவையும் அமரும் இடத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.